கோர்வைக்காரி புலம்பல்

"நானும் அதுல அழுவணும் நயினாரே" என்றாள் அந்த அம்மா.

கல்யாணப் பத்திரிகை ஒன்று மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. காலால் மிதித்துக்கொண்டே ஒரு கையால் வெள்ளை அட்டையை உள்ளே கொடுத்து, மறு கையால் அடித்த அட்டையை எடுக்கிற வேலை. கண் கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் வந்து நின்று இப்படி ஒரு பேச்சு? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மிஷினை நிறுத்தினேன்.

"எதுலமா அழுவணும்? இன்னா சொல்றே நீ?"

"பிள்ளையார்பாளையத்துல தறிக்காரரு பஞ்சாட்சரம் தவறிட்டாரில்ல, அவுரு பதினாறாம் நாளுக்கு நோட்டீசு போடறீங்களாமே. அவுரு பையன் சிட்டிபாபு வந்து சொல்லிட்டுப் போயிருக்குது. பொண்டாட்டி அழுவறா மாதிரி, புள்ள அழுவறா மாதிரி பாட்டு வருமாமே. அதுலதான். நானும்."

நோட்டீசு என்று அவள் சொன்னது சரமகவியை, செத்தவர் பேரில் பாடுகிற இரங்கற்பாவை. அறுபத்தெட்டாம் வருஷம் அது. காஞ்சிபுரத்தில் அப்போதெல்லாம் கருமாதிக்குச் சரமகவி அச்சடித்துக் கொடுக்காத பிள்ளைக்கு நாலு பேர் நடுவில் மரியாதை கிடையாது. தலைப்பில் படம், படம் இல்லாதவர்களுக்கு ஒரு குத்துவிளக்கு பிளாக். அதன் கீழே தோற்றம், மறைவு. அப்புறம் மனைவி புலம்பல், மகன் புலம்பல், மகள் புலம்பல், மருமகன் புலம்பல் என்று முறை வைத்து ஆளுக்கு நாலு வரி. மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே எதுகை மோனை ருசி பிடித்திருந்த காலம். எழுதுகிறவன் நான், அச்சுக் கோப்பவன் நான், மிஷின் மிதிப்பவன் நான், பதினாறாம் நாள் பந்தலில் நின்று ராகம் போட்டுப் படிப்பவனும் நானே. ஜீவந்தரன் என்று என் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சரமகவி நயினார் வீடு என்றால் ரிக்‌ஷாக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சாவுக்கும் நான் புதிதாக எழுதுவதில்லை. மனைவி புலம்பல் என்று ஒன்றை எப்போதோ எழுதிக் கோத்து, எழுத்தைக் கலைக்காமல் அப்படியே சணல் கயிறு கட்டிப் பலகையில் வைத்திருந்தேன். மகன் புலம்பல் ஒரு கட்டு, மருமகன் புலம்பல் ஒரு கட்டு. சாவு வந்தால் பெயரையும் தேதியையும் மட்டும் கோத்து, கட்டுகளை எடுத்துச் சட்டத்தில் அடுக்கி இறுக்கிவிட வேண்டியதுதான். காஞ்சிபுரத்தில் பத்து வருஷமாகத் தாலி அறுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாலு வரியைத்தான் அழுதார்கள். இதோ:

மாங்கல்யம் எனக்களித்த மன்னவரே மாமணியே
பூங்கொம்பு நானிருக்கப் பொன்தேரில் போனீரோ
தேங்காயும் பூவுமாகத் தெருவெல்லாம் பார்த்திருக்க
ஏங்கியழ விட்டெனைநீர் எங்கேதான் சென்றீரோ

தேங்காய் எதற்கு வந்தது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. எதுகைக்கு வந்தது. வந்த இடத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டது.

"நீ இன்னா உறவு அவுருக்கு?" என்றேன்.

"உறவு ஒண்ணும் இல்ல. கோர்வை."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். புடவையின் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம் என்றால் தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவருக்கு இருப்பது இரண்டு கை. அதனால் வலப்பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்திலேயே குழியில் கால் விட்டு உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அதற்குக் கோர்வை போடுவது என்று பேர். வீட்டில் பொடிசுகள் இருந்தால் அவர்கள் போடுவார்கள், இல்லாவிட்டால் பெண்டாட்டி. பஞ்சாட்சரத்தின் மனைவி தையல்நாயகிக்குப் பட்டு நூல் வாசனையே ஆகாது, இரைப்பு வந்துவிடும். தறியும் வீட்டில் இல்லை, இரண்டு தெரு தள்ளி ஒரு பொதுக் கொட்டகையில் இருந்தது. அதனால் ஐயம்பேட்டையிலிருந்து இந்தக் கங்கையம்மாளைக் கோர்வைக்கு வைத்தார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. ஒற்றை அறையில் சோறு பொங்கி வைத்துவிட்டுக் காலை பஸ்ஸில் வருவாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். பத்தொன்பது வருஷம்.

"அழுவணும்னா வீட்டுக்குப் போயி அழு தாயே. பேப்பர்ல எதுக்கு?"

"அழுதேன். சேதி வந்த அன்னிக்கே ஓடினேன். பொம்பளைங்க வட்டமா குந்தி அழுதுக்கினு இருந்தாங்க. எங்க குந்தறதுன்னு தெரியல. நின்னுக்கினே இருந்தேன். யாரோ ஒரு அம்மா, 'நீ போயி தண்ணி கொண்டா'ன்னாங்க. கொண்டாந்தேன். அன்னிக்கிலருந்து தண்ணிதான் மொண்டுக்கினு இருக்கறேன்." அவள் குரலில் அழுகை இல்லை. ரேஷன் கடையில் முறை தவறிப் போனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ராவுல ரூம்ல அழுதா எனக்கே அது அழுவ மாதிரி தெரியல நயினாரே. யாரும் கேக்கலன்னா அது இன்னா அழுவ? அச்சுல வந்தா நாலு பேரு கேப்பாங்க."

எனக்கு என்னவோ செய்தது. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. சரமகவி சிட்டிபாபு சொல்லிப் போட்டது, அவன் சம்மதிக்காமல் ஓர் எழுத்துக்கூடச் சேர்க்க முடியாது என்று கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு சிட்டிபாபுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்! மொட்டை அடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்கம் கெட்ட முகத்தோடு அவன் நின்றான். இருபத்திரண்டு வயசு. பாலிடெக்னிக்கில் படித்தவன், தறியும் தெரியும்.

"போட்டுடுங்க சார்" என்றான். "தறியில பாதிச் சேலை நிக்குது. அப்பா விட்ட எடத்துலருந்து நான் உக்காந்து முடிக்கணும். இவங்க கோர்வைக்கு வந்தாத்தான் கரை ஒரே சீரா வரும், வேற கை பட்டா காட்டிக் குடுத்துடும். நோட்டீசுல அழுவ விட்டாத்தான் வருவேன்றாங்க."

"இதுக்குப் பேரு மிரட்டலும்மா" என்றேன் அவளைப் பார்த்து.

"ஆமா" என்றாள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமாபா?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன் சார்" என்று அவன் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டான். அவன் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தலைப்புக்கே அரை மணி நேரம் மல்லுக்கட்டு. "ஊழியர் புலம்பல்னு போடவா?" என்றேன். "நான் கூலிக்கு அழுவல" என்றாள். "அப்போ உடன்பிறவாச் சகோதரி புலம்பல்னு போடறேன். கௌரவமா இருக்கும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"அவுரு எனக்கு அண்ணன் இல்லியே."

"அப்போ இன்னாதான் அவுரு உனக்கு?" எரிச்சலில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பக்கத்து ஆளு" என்றாள். "கோர்வை கங்கையம்மாள் புலம்பல்னு போடுங்க. அதுதான் நெசம்."

சரி என்று தலைப்பை ஒத்துக்கொண்டு, உட்கார்ந்து அவளுக்காகப் புதிதாகவே நாலு வரி எழுதினேன். எழுதி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பந்தலில் படிப்பது மாதிரியே படித்துக் காட்டினேன். "பட்டுக்கோர் அணியான பஞ்சாட் சரப்பெரியோய்" என்று எடுப்பு. "கட்டளைநீர் இட்டபடி கைகட்டி நின்றிருந்தேன்" என்று மூன்றாம் வரி. அங்கே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"நான் எப்ப கை கட்டினு நின்னேன்? கை கட்டினா நாடாவ யாரு தள்றது?"

"அது கவிதைமா! பணிவுக்குச் சொல்றது!"

"நல்லாத்தான் இருக்குது நயினாரே. ஆனா இது வேற யாரோ அழுவறாங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷத்தில் என் பாட்டைக் கேட்டு ஜனங்கள் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள், சில பேர் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நெளிந்திருக்கிறார்கள். ஆனால் இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. "அப்போ நீயே சொல்லேன் பார்க்கலாம்!" என்று காகிதத்தையும் பென்சிலையும் டேபிள்மேல் போட்டேன். இவள் எங்கே சொல்லப்போகிறாள் என்ற திமிர்தான்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, சுவரில் சாயாமல், முன்னால் எதையோ பார்த்தபடி. ராகம் எதுவும் போடவில்லை. ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று தனக்குள் ஒரு தரம் பார்த்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனாள்.

பக்கத்துல உக்காந்தேன் பத்தொம்போது வருசம்
பாத்ததில்ல உம் மொகத்த, பழக்கமில்ல எனக்கு
கைய மட்டும் பாத்திருந்தேன், காப்பு காச்ச கைய
கைய மூடிக் கொண்டுபோனா யாரப் பாத்து அழுவேன்
எம் பக்கம் நூலறுந்தா உங் கை நிக்குமே சாமி
உம் பக்கம் அறுந்துபோச்சு, எங் கை நிக்கலியே

நான் எழுதிக்கொண்டேன். தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் என் கண்ணை அவள் பார்த்துவிடுவாள்.

அவர் முகத்தைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படித் தெரியும் என்றாள். முன்னால் பார்த்துத்தானே நெய்ய வேண்டும், கண்ணை எடுத்தால் கரை கோணிவிடும். வரும்போதும் போகும்போதும் குனிந்துகொண்டே போவாளாம், கொட்டகையில் இன்னும் மூன்று தறிக்காரர்கள் இருக்கிறார்களே. அவர் இருமினால் இன்று காய்ச்சல் என்று தெரியும். நாடா வருகிற வேகத்தில் வீட்டில் சண்டையா சமாதானமா என்று தெரியும். பிணத்துக்கு நெற்றியில் காசு வைத்து எல்லோரும் முகம் பார்த்தபோது, இவளுக்கு அது யாரோ ஒருத்தர் முகமாக இருந்ததாம். கையைத் தேடியிருக்கிறாள். கைமேல் கோடித்துணி போர்த்தியிருந்தார்கள்.

அவள் போன பிறகு 'உக்காந்தேன்' என்பதை 'உட்கார்ந்தேன்' என்று திருத்திப் பார்த்தேன். வரி செத்துப்போனது. பழையபடியே எழுதினேன். 'மொகத்த' என்பதை 'முகத்தை' ஆக்கினேன், அதுவும் சரிப்படவில்லை. இலக்கணம் படித்தவன் நான், நன்னூல் மனப்பாடம். இந்த ஆறு வரியில் கை வைக்க ஓர் இடம் அகப்படவில்லை. என் அப்பா செத்தபோதுகூடப் பலகையில் இருந்த மகன் புலம்பல் கட்டைத்தான் எடுத்து வைத்தேன் என்பது அன்றைக்கு ஞாபகம் வந்து என்னை உட்காரவிடாமல் அடித்தது.

தலைப்புகளை முதலில் சட்டத்தில் வைத்து, அதனதன் கீழே கட்டுகளை அடுக்கினேன். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலமாகத் தெரியும், பழக்கத்தில் கைதான் வைக்கும். என் மண்டைக்குள் அந்த ஆறு வரியே ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு புரூஃப் எடுத்துப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி குணமாலா, காபியை வைத்துவிட்டு. "பத்து வருஷமா அடிக்கிற மேட்டருக்கு எதுக்குடி புரூஃப்?" என்று அவளை விரட்டினேன். முந்நூறு பிரதி அடித்தேன். மை சீராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, அடிக்கும்போது படிக்க மாட்டேன். படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. அன்று சாயந்திரமே சிட்டிபாபு பிரதிகளைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனான்.

பதினாறாம் நாள். பிள்ளையார்பாளையத்தில் தெருவை அடைத்துப் பந்தல். ஐயர் சடங்கை முடித்து, சிட்டிபாபுவுக்குத் தலைப்பாகை கட்டியாகிவிட்டது, நல்ல கூட்டம். ஆளுக்கொரு சரமகவி கொடுத்திருந்தார்கள், பாதிப் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே கூடத்தில். கங்கையம்மாளைத் தேடினேன். பந்தலுக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டு நின்றாள். நல்ல புடவை ஒன்றை உடுத்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள், தன் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்பது மாதிரி.

நான் எழுந்து நின்று, "மனைவி புலம்பல்" என்று உரக்கச் சொல்லி ராகத்தை எடுத்தேன்.

"பக்கத்துல உக்காந்தேன் பத்தொம்போது வருசம்..."

வாய் சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஐயோ, இது அவளுடையது! தலைப்பைப் பார்க்கிறேன், மனைவி புலம்பல். கீழே அவளுடைய ஆறு வரி. நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். என்ன செய்வது என்று தெரியாமல் படித்துக்கொண்டே போனேன், குரல் தானாக இறங்கிவிட்டது. விசிறிகள் நின்றன. "கைய மூடிக் கொண்டுபோனா யாரப் பாத்து அழுவேன்" என்று வந்தபோது உள்ளே கூடத்தில் தையல்நாயகி 'ஓ'வென்று கத்திய கத்தல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். பின்னாலேயே பெண்கள் எல்லோரும். இவ்வளவு அழுகையை என் சரமகவி ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

கங்கையம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அடுத்தது மகன் புலம்பல், அதைப் படித்தேன். படிக்கிறேன் என்று பேர், கண் எல்லாம் கீழே இருந்த கடைசித் தலைப்பில்தான். கோர்வை கங்கையம்மாள் புலம்பல். அதன் கீழே என் பத்து வருஷத்து மாங்கல்யமும் தேங்காயும். ஆத்தாடி, தாலி கட்டின மன்னவரே என்று அவள் பெயர் போட்டு முந்நூறு பிரதி! மகன் புலம்பல் முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மூடி என்ன பிரயோஜனம்? எல்லோர் கையிலும் காகிதம் இருக்கிறது.

முன்வரிசையில் இருந்த பட்டுக்கடைக்காரர் ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தானே வாய்விட்டுப் படித்தார். "மாங்கல்யம் எனக்களித்த மன்னவரே... அடேடே! கங்கையம்மாளா?"

"நமக்குத் தெரியாம போச்சேய்யா" என்றது பின்னால் ஒரு குரல். சிரிப்பு ஒன்று கிளம்பி, கருமாதி வீடு என்று அடங்கி, திரும்பவும் கிளம்பியது.

சிட்டிபாபு என் முன்னால் வந்து நின்றான். "இன்னா சார் இது? இன்னா அடிச்சி வெச்சிருக்கீங்க?"

"தப்பு என்னுதுபா. கட்டு மாறிப்போச்சி. மேல இருக்கறது கீழ, கீழ இருக்கறது மேல. நான்தான் மாத்தி வெச்சிட்டேன்" என்றேன். கூட்டத்தைப் பார்த்தும் சத்தமாகச் சொன்னேன். ஒருத்தராவது நம்பினால்தானே! வாயால் சொன்னதை மாற்றிச் சொல்லலாம், அச்சில் வந்தது பொய்யாகுமா என்று அவர்கள் முகமே சொன்னது. எழுத்தை நம்பச் சொல்லி ஊரைப் பழக்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறதே, யாரை நோக?

"எல்லாத்தையும் வாங்கிக் கொளுத்துங்கடா" என்று கத்தினான் சிட்டிபாபு. "கங்கக்கா, நீ கெளம்பு. மொதல்ல கெளம்பு."

அவள் தலை குனிந்துகொண்டு ஐயம்பேட்டை பஸ்ஸுக்கு நடக்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் டம்ளரை டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்தாள். ஆண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தைத் தாண்டிக்கொண்டு, நேராகப் பந்தலின் நடுவுக்கு வந்தாள்.

"நயினாரே, தாலியப் பத்தி நான் ஒரு வார்த்த சொன்னனா?"

"இல்லமா."

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"இல்ல! நீ சொல்லல!" தொண்டை கிழியக் கத்தினேன்.

"நான் சொன்னது எது?"

"மொதல்ல படிச்சது."

"அது என்னுது" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "அவுரு எனக்குத் தாலி கட்டல. ஒரு நாளு தப்பாப் பேசல. பேச்சே கெடையாது எங்களுக்கு. ஆனா அந்த அழுவ என்னுது. அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பிறகு அந்த ஆறு வரியையும் அவளே சொன்னாள். என்னை மாதிரி ராகம் போடவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். சிரித்தவர்கள் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஆறாவது வரியோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, அச்சில் இல்லாத இரண்டு வரியைச் சொன்னாள்.

ஊரு கேக்குது யாருடின்னு, என்னான்னு நான் சொல்வேன்
உறவு ஒண்ணும் இல்லன்னா ஒப்பாரியும் இல்லையா

அங்கேதான் அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கூடத்து வாசற்படியில் தையல்நாயகி வந்து நின்றிருந்தாள். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்திருந்தார்கள். அழுது வீங்கிய முகம், வெறும் நெற்றி, இரைப்பில் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளை உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். அவள் கையை உதறிவிட்டாள்.

"மொதல்ல படிச்சாங்களே, அது உன்னுதா?"

"ஆமாக்கா."

"என்னுதுன்னு நெனச்சி அழுதேன்." கொஞ்ச நேரம் மூச்சுக்குத் தவித்தாள். "எனக்கு அவுரு மொகம் தெரியும். முப்பது வருசம் சோறு போட்டுக்கினே பாத்த மொகம். கை..." அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். "அந்தக் கை தறியில இன்னா பண்ணும்னு ஒரு நாளு நான் வந்து பாத்ததில்ல. எனக்கு அங்க வர முடியல. காட்டு."

"இன்னாக்கா?"

"காட்டுடி! இத்தினி பேரு முன்னாடி நின்னு உன்னுதுன்னு சொன்னே இல்ல? காட்டு. நான் பாக்கணும்."

அது கோபமா, கெஞ்சலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிட்டிபாபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

கங்கையம்மாள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். அங்கே இருந்த ஆண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். நடுவில் உட்காரவில்லை, கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி, இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். தையல்நாயகி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, அந்தக் காலி இடத்துக்கு எதிரே, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். கங்கையம்மாள் முன்னால் பார்த்தபடியே இல்லாத நாடாவை இடது பக்கம் தள்ளினாள். தள்ளிய கையை மடக்கிக்கொள்ளவில்லை. விரல்களை லேசாக விரித்து, திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள, அப்படியே வைத்திருந்தாள்.